முனைவாக்கம் குறைந்தால் காந்தப்புலமும் குறைவா? எக்ஸ் கதிர் இரட்டை விண்மீன்களின் வானொலி எழுச்சிகள்

களுவாஞ்சிகுடியில் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருப்பது இது: "எக்ஸ் கதிர் வீசும் ஓர் இரட்டை விண்மீன் தொகுதி திடீரென வானொலி அலைகளில் பன்மடங்கு பிரகாசமடைந்தது என்றும், அந்த அலைகள் முனைவாக்கம் பெற்றிருந்தன என்றும், ஆனால் அந்த முனைவாக்கம் சில சதவீதமே என்றும் வாசித்தேன். அங்கே காந்தப்புலம் பலவீனமானது என்று இதிலிருந்து முடிவுசெய்யலாமா? விண்மீன் ஒரு புள்ளியாகத் தெரியும்போது முனைவாக்கத்தை எப்படி அளக்கிறார்கள்? எங்கள் வீட்டு டிஷ் அன்டெனாவால் இதைப் பிடிக்க முடியுமா?"

முதற் கேள்வியிலேயே தொடங்குகிறேன், ஏனெனில் மற்றவை அதன் மேல்தான் நிற்கின்றன. அப்படி முடிவுசெய்ய முடியாது. முனைவாக்கம் என்பது அலையின் மின்புலம் எல்லாத் திசைகளிலும் அதிராமல் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் அதிர்வது. வானொலி எழுச்சியொன்றில் நாம் காணும் முனைவாக்கச் சதவீதம் காந்தப்புலத்தின் வலிமையைச் சொல்வதில்லை. அந்தப் புலம் எவ்வளவு ஒழுங்காக ஒரே திசையில் அமைந்திருக்கிறது என்பதையும், அங்கிருந்து புறப்பட்ட அலை நம்மை வந்தடையும் வரை அந்த ஒழுங்கு எவ்வளவு தூரம் குலையாமல் இருந்திருக்கிறது என்பதையுமே சொல்கிறது. வலிமையும் ஒழுங்கும் இரு வேறு இயல்புகள். இந்த ஒரு வேறுபாட்டைப் பற்றிக்கொண்டால் இத்துறையின் பெரும்பகுதி தெளிந்துவிடும் என்பது என் எண்ணம்; ஆகவே இதைச் சற்று விரிவாகவே விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரு தொகுதியைக் கொள்வோம். ஆடி மாதம் இரவு 9 மணியளவில் மட்டக்களப்பு வாவிக்கரையில் நின்று தெற்கே பார்த்தால் விருச்சிகம் முழுதாகத் தெரியும். செந்நிறக் கேட்டை நட்சத்திரத்திலிருந்து உடல்வழியே கீழிறங்கி, வால் வளையத் தொடங்கும் இடத்துக்கு வந்தால், அடிவானிலிருந்து ஏறத்தாழ 42 பாகை உயரத்தில் ஜீ.ஆர்.ஓ. ஜே1655-40 என்ற தொகுதி இருக்கிறது. வெறுங்கண்ணுக்கு அது ஒருபோதும் தெரியாது. சூரியனைப்போல 5 முதல் 7 மடங்கு திணிவுள்ள ஒரு கருந்துளையும், சூரியனைவிடச் சற்று வெப்பமான, பருத்துக்கொண்டிருக்கும் ஒரு விண்மீனும் 2.62 நாட்களுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. பரவலாக ஏற்கப்பட்ட தூரம் ஏறத்தாழ 10,000 ஒளியாண்டுகள். அது இன்னும் அருகில் உள்ளது என்று வாதிடுவோரும் உள்ளனர்.

1994 யூலை 27 ஆம் திகதி, கொம்ப்டன் காமாக் கதிர் ஆய்வகம் என்ற செய்மதி இந்த இடத்திலிருந்து திடீரென எழுந்த எக்ஸ் கதிர்ப் பிரகாசத்தைக் கண்டது. அடுத்த மாதம் அவுஸ்திரேலியாவின் மொலொங்லோ தொலைகாட்டி அங்கே வானொலி அலைகள் வேகமாக வலுப்பதைக் கண்டது. சில நாட்களுக்குள் அவை பல ஜான்ஸ்கி அளவை எட்டின. ஜான்ஸ்கி என்பது வானொலி வானியலின் அலகு: ஒரு சதுர மீற்றர் பரப்பில், ஒரு ஹேட்ஸ் மீடிறன் அகலத்தில், 10⁻²⁶ வாற்று. நமக்கு இது ஒன்றுமில்லாத அளவாகத் தோன்றலாம். ஆனால் வானொலி வானியலாளர்கள் ஆயிரத்திலொரு ஜான்ஸ்கியை நாளாந்தம் அளப்பவர்கள். அவர்களுக்கு ஐந்து ஜான்ஸ்கி என்பது கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். 1995 இல் இரு குழுக்கள், ஒன்று அவுஸ்திரேலியத் தொலைகாட்டிகளைக் கோத்தும் மற்றது அமெரிக்கத் தொலைகாட்டிகளைக் கோத்தும் எடுத்த படங்களை வெளியிட்டன. கருந்துளையின் இருபுறமும் எதிரெதிர்த் திசைகளில் பிளாஸ்மாக் (மின்னேற்றம் பெற்ற வாயுவின்) குமிழிகள் விலகிச் சென்றுகொண்டிருந்தன. அவற்றின் வேகம் ஒளியின் வேகத்தில் 0.92 பங்கு.

இத்தகைய எழுச்சி அதுவே முதலாவது அல்ல. 1972 செப்டெம்பரில் கனடாவின் அல்கொன்குயின் ஆய்வகத்தில் பிலிப் கிரெகரி, சிக்னஸ் எக்ஸ்-3 என்ற எக்ஸ் கதிர் மூலம் 20 ஜான்ஸ்கிக்கும் மேலாக எழுந்திருப்பதைக் கண்டார். அச்செய்தி தொலைபேசியிலும் தந்தியிலும் பரவ, உலகின் பல வானொலித் தொலைகாட்டிகள் அந்தப் புள்ளியை நோக்கித் திரும்பின. எக்ஸ் கதிர் இரட்டைகளின் வானொலி முகம் அதன்பின்னரே தீவிரமாக ஆராயப்படலாயிற்று.

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும், ஏனெனில் உங்கள் கேள்வியின் சொற்றொடர் எக்ஸ் கதிரும் வானொலியும் ஒரே இடத்திலிருந்து வருவதுபோல ஒலிக்கிறது. துணை விண்மீனிலிருந்து கருந்துளையை நோக்கி வழியும் வாயு நேரே விழுவதில்லை; தட்டுப்போலச் சுழன்று, உராய்ந்து, ஏறத்தாழ ஒரு கோடி பாகை வெப்பநிலைக்குச் சூடாகிறது. எக்ஸ் கதிர்களில் பெரும்பகுதி அங்கிருந்து வருகிறது. வானொலி அலைகளோ தட்டுக்குச் செங்குத்தாக வெளியே வீசப்பட்ட தாரைகளிலிருந்து, கருந்துளையிலிருந்து மிகத் தொலைவிலிருந்து வருகின்றன. இரண்டுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் அது ஒன்றுக்கு ஒன்று என்ற நேரான தொடர்பு அல்ல. இதே தொகுதி அடுத்த ஆண்டிலும் எக்ஸ் கதிர்களில் பலமாக எழுந்தது; அப்போது வானொலியில் அதற்கு ஒத்த எழுச்சி எதுவும் தோன்றவில்லை. தட்டு எரியும்போதெல்லாம் தாரை பாயும் என்று எவரும் உறுதிகூற முடியாது.

இனி முனைவாக்கத்துக்கு வருவோம். தாரையில் உள்ள இலத்திரன்கள் ஒளியின் வேகத்துக்கு மிக அண்மித்த வேகத்தில், காந்தப்புலக் கோடுகளைச் சுற்றிச் சுருளாக ஓடுகின்றன. வளைந்து ஓடும் ஏற்றம் எப்போதும் ஆர்முடுகலுக்கு உட்பட்டது. ஆர்முடுகும் ஏற்றம் மின்காந்த அலையை உமிழும். இதுவே சின்குரோத்திரன் கதிர்ப்பு. காந்தப்புலம் 0.1 கவுஸ் என்று எடுத்துக்கொண்டால், 5 கிகாஹேட்ஸ் மீடிறனில் உமிழ்வதற்கு ஓர் இலத்திரனுக்குத் தன் ஓய்வுச் சக்தியைப்போல ஏறத்தாழ 100 மடங்கு சக்தி வேண்டும். (ஒப்பிட்டுப் பாருங்கள்: மட்டக்களப்பில் திசையறிகருவியின் முள்ளைத் திருப்பும் புவியின் காந்தப்புலம் ஏறத்தாழ 0.4 கவுஸ். ஆக, கருந்துளைத் தாரையின் புலம் நாம் அன்றாடம் அறியாத ஏதோ அசுரப் புலம் அல்ல. அசுரத்தனம் இலத்திரன்களின் சக்தியில்தான் இருக்கிறது.)

இலத்திரன் காந்தப்புலத்துக்குச் செங்குத்தான திசையில் ஆர்முடுகுவதால், அது உமிழும் அலையின் மின்புலமும் வானில் நாம் காணும் காந்தப்புலத் திசைக்குப் பெரும்பாலும் செங்குத்தாகவே அதிரும். எல்லாப் புலக்கோடுகளும் ஒரே திசையில் இருந்தால், வரும் அலைகளில் எத்தனை சதவீதம் முனைவாக்கம் பெற்றிருக்கும்? இதற்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு. இலத்திரன்களின் சக்திப் பரம்பலைக் குறிக்கும் சுட்டியை "ப" என்று கொண்டால், முனைவாக்கப் பின்னம் (ப + 1) ஐ (ப + 7/3) ஆல் வகுக்கக் கிடைக்கும் பெறுமானம். ப = 2.5 எனில் 3.5 ஐ 4.83 ஆல் வகுக்கிறோம். 72 சதவீதம் வருகிறது. ப வின் பெறுமானம் 2 இலிருந்து 3 வரை மாறினாலும் விடை 69 இலிருந்து 75 சதவீதம் வரைதான் மாறுகிறது. இந்தச் சூத்திரத்தை மீண்டும் ஒருமுறை பாருங்கள். காந்தப்புலத்தின் வலிமை அதில் எங்குமே இல்லை. புலம் 0.01 கவுஸாக இருந்தாலும் 10 கவுஸாக இருந்தாலும், அது சீராக இருந்தால் விடை அதே 72 சதவீதம். வலிமை பிரகாசத்தை மாற்றும், உமிழும் மீடிறனை மாற்றும், இலத்திரன்கள் சக்தியை இழக்கும் வேகத்தை மாற்றும், சதவீதத்தை மாற்றாது. உங்கள் முதற் கேள்விக்கான விடையின் உயிர் இந்த வரியில்தான் இருக்கிறது.

அப்படியானால் 72 சதவீதம் வரவேண்டிய இடத்தில் சில சதவீதம் மட்டும் வருவது ஏன்? சிறுபோக காலத்தில் கச்சான் காற்று வீசும்போது அம்பாறைப் பக்க வயல்களைப் பார்த்திருப்பீர்கள்: பயிர் முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும், எந்த மூலையைப் பார்த்தாலும் காற்றின் திசை தெரியும். அதே வயலில் மாடு இறங்கி மிதித்துவிட்டால், தாள்கள் ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு பக்கமாகக் கிடக்கும். பயிரின் அடர்த்தி குறையவில்லை, ஆனால் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு திசையும் தெரியாது. தாரைக்குள் கொந்தளிப்பு இருந்தால் காந்தப்புலம் இந்த மிதிபட்ட வயல்போல ஆகிறது.

இதைக் கணக்காகவும் எழுதலாம். குமிழிக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற திசைகளில் புலம் அமைந்த பல சிற்றறைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வோர் அறையும் தனித்தனியே 72 சதவீத முனைவாக்கம் தருகிறது. ஆனால் தொலைகாட்டி அவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் கூட்டியே பெறுகிறது. எழுமாறான திசைகளைக் கூட்டும்போது மிஞ்சுவது அறைகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுபட்ட பங்கு. 200 அறைகள் என்றால் 72 ஐ ஏறத்தாழ 14 ஆல் வகுக்க வேண்டும். விடை 5 சதவீதம். வானியலாளர்கள் 5 சதவீதத்தைக் கண்டதும் "புலம் பலவீனம்" என்று எழுதாமல் "புலம் சிக்கலானது, ஆயினும் முழுக்க எழுமாறானது அல்ல" என்று எழுதுவதற்குக் காரணம் இதுதான். அந்த 5 சதவீதத்துக்கு ஒரு நிலையான திசை இருந்து, அத்திசை தாரையின் அச்சுக்கு இணையாகவோ செங்குத்தாகவோ அமைந்திருந்தால், அது இன்னும் பெரிய செய்தி: கொந்தளிப்புக்கு நடுவிலும் ஏதோ ஓர் ஒழுங்கு, பெரும்பாலும் அதிர்ச்சி அலையொன்றின் அழுத்தம், புலத்தை ஒரு தளத்தில் அடுக்கியிருக்கிறது.

ஜீ.ஆர்.ஓ. ஜே1655-40 இல் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் தாரை ஒரே கோட்டில் பாயவில்லை. ஏறத்தாழ 3 நாட்களுக்கு ஒருமுறை, 2 பாகை அளவில், அச்சைச் சுற்றித் தள்ளாடுகிறது. 1994 ஆகஸ்டிலும் செப்டெம்பரிலும் அடுத்தடுத்துப் பல வெளியேற்றங்கள் நடந்தன. ஒரு குமிழி மங்கிக்கொண்டிருக்கும்போதே மற்றொன்று பிரகாசமடைகிறது. இரண்டின் முனைவாக்கத் திசைகளும் வேறுபட்டால் அவை ஒன்றையொன்று ஓரளவு அழிக்கும். அத்தகைய நாட்களில் மொத்தப் பிரகாசம் உச்சத்தில் இருக்க, முனைவாக்கம் சரிந்து கிடப்பதைக் காணலாம். பிரகாசத்தின் வரைபு மட்டும் கையிலிருந்தால் ஒரே ஒரு பெரிய எழுச்சி என்றுதான் நினைப்போம். முனைவாக்கத்தின் வரைபையும் அருகில் வைத்தால், அது இரண்டு மூன்று நிகழ்வுகளின் கூட்டு என்பது புலப்படும். முனைவாக்க அளவீடுகளை நான் மிகவும் மதிப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இதுவரை சொன்னது மூலத்திலேயே நிகழ்வது. வழியில் நிகழ்வதும் உண்டு. 1845 இல் மைக்கேல் பரடே, காந்தப்புலத்தில் வைத்த கனமான கண்ணாடியூடாகச் செல்லும் ஒளியின் முனைவாக்கத் தளம் திரும்புவதைக் கண்டார். விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியிலும் சுதந்திர இலத்திரன்களும் காந்தப்புலமும் இருப்பதால், அதே திருப்பம் வானொலி அலைகளுக்கும் நேர்கிறது. திரும்பும் கோணம் அலைநீளத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமன். வழியில் உள்ள வாயுவின் சுழற்சி அளவை (அலைநீளத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் திரும்பும் கோணத்தைத் தரும் எண்) சதுர மீற்றருக்கு 100 ஆரையன் என்று கொண்டு நீங்களே கணித்துப் பாருங்கள்: 6 சென்ரிமீற்றர் அலை ஏறத்தாழ 21 பாகை திரும்பும், 20 சென்ரிமீற்றர் அலையோ 229 பாகை திரும்பிவிடும். ஆகவே ஒரே அலைநீளத்தில் அளந்த திசையை வைத்துக்கொண்டு தாரையின் காந்தப்புலம் இந்தப் பக்கம் என்று கூறுவது தவறு. பல அலைநீளங்களில் அளந்து, அலைநீளத்தின் வர்க்கத்துக்கு எதிரே கோணத்தை வரைந்து, நேர்கோட்டைப் பூச்சிய அலைநீளம் வரை பின்னோக்கி நீட்ட வேண்டும். அங்கே வெட்டும் கோணமே மூலத்தின் உண்மையான கோணம். முனைவாக்கத் தளம் 180 பாகை திரும்பினால் பழைய நிலைக்கே வந்துவிடும் என்பதால், இரண்டு அலைநீளங்கள் மட்டும் போதாது. எத்தனை அரைச்சுற்று கழிந்தது என்று தெரியாமல் போகும். மூன்றாவது, நான்காவது அலைநீளங்கள் அந்த ஐயத்தைத் தீர்க்கும்.

இந்தத் திருப்பம் எல்லா அலைகளையும் சமமாகத் திருப்பினால் சதவீதம் குறையாது; திசை மட்டுமே மாறும். ஆனால் குமிழியின் முன்பக்கத்திலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் வரும் அலைகள் வெவ்வேறு அளவு பிளாஸ்மாவைக் கடந்து வருவதால் வெவ்வேறு கோணங்களுக்குத் திரும்பி, ஒன்றையொன்று கலைத்துவிடுகின்றன. நீண்ட அலைநீளங்களில் இவ்விளைவு மிக வலியது. 20 சென்ரிமீற்றரில் முனைவாக்கம் காணாமற்போயிருக்க, அதே நாளில் 3 சென்ரிமீற்றரில் அது தெளிவாக இருப்பது இதனால்தான். இங்கே கவனிக்க வேண்டியது, புலம் வலுவாக இருந்தால் இந்தக் கலைவு இன்னும் கூடும் என்பது. அதாவது, சில சூழ்நிலைகளில் முனைவாக்கம் குறைவது வலிமையான காந்தப்புலத்தின் விளைவாகவே இருக்கலாம். கேள்வியில் கருதியதற்கு நேர் எதிர்.

நமது தலைக்கு மேலுள்ள அயன்மண்டலமும் இந்தத் திருப்பத்தில் ஒரு சிறு பங்கைச் சேர்க்கிறது. இலங்கை புவியின் காந்த மையக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது; அந்தக் கோட்டை ஒட்டிய பகுதிகளில் அயன்மண்டலம் பகலில் அடர்த்தியாகவும் இரவின் முற்பகுதியில் குழம்பியதாகவும் இருக்கும். ஒருநாள் இந்தப் பக்கத்தில் வானொலித் தொலைகாட்டி அமைந்தால், அதைக் கையாள்வோர் முதலில் திருத்த வேண்டியவற்றுள் இதுவும் ஒன்றாக இருக்கும்.

எழுச்சி வளர்ந்து தேயும் போக்கிலும் முனைவாக்கம் மாறுகிறது. குமிழி சிறிதாகவும் அடர்ந்ததாகவும் இருக்கும் தொடக்கத்தில், உள்ளே உமிழப்பட்ட அலைகளை அதே இலத்திரன்கள் திரும்ப உறிஞ்சிவிடும். அந்நிலையில் முனைவாக்கத்தின் உச்சமே 10 சதவீதத்தை ஒட்டியதுதான். அதன் திசையும் காந்தப்புலத்துக்குச் செங்குத்தாக அல்லாமல் இணையாக அமையும். குமிழி விரிந்து, அலைகள் தடையின்றி வெளியேறத் தொடங்கும்போது, சதவீதம் உயர்வதோடு திசையும் 90 பாகை தாவும். விரிவடையும் குமிழியின் இந்த மாதிரியை 1966 இல் வானியலாளர் வான் டெர் லான் வகுத்தார். அதன்படி உயர் மீடிறன்களில் உச்சம் முதலிலும், தாழ் மீடிறன்களில் பிந்தியும் மங்கலாகவும் வரும். அளவீடுகளில் இந்த வரிசையும் அந்தத் தாவலும் சேர்ந்து தெரிந்தால், விரியும் குமிழி என்ற விளக்கத்துக்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. நடைமுறையில் பல எழுச்சிகள் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மேலே சொன்னதெல்லாம் தள முனைவாக்கம் பற்றியது. வட்ட முனைவாக்கம், அதாவது மின்புலம் ஒரே தளத்தில் அதிராமல் சுழன்றுகொண்டே வருவது, வேறு கதை. சின்குரோத்திரன் கதிர்ப்பில் அது இயல்பாகவே மிகச் சிறியது. ஆயினும் 2000 இல் எஸ்.எஸ். 433 என்ற தொகுதியிலும், பின்னர் ஜீ.ஆர்.எஸ். 1915+105 இலும் ரொப் பெண்டரும் கூட்டாளிகளும் அதைக் கண்டறிந்தனர், ஜீ.ஆர்.ஓ. ஜே1655-40 இன் 1994 அளவீடுகளில் ஜோன்-பியர் மக்குவார்ட்டும் கூட்டாளிகளும் மாறிக்கொண்டிருக்கும் வட்ட முனைவாக்கத்தைக் கண்டு 2002 இல் வெளியிட்டனர். (இந்த மக்குவார்ட்தான், அதிவேக வானொலி வெடிப்புகளைக் கொண்டு அகிலத்தில் கணக்கில் வராதிருந்த சாதாரணச் சடப்பொருளைக் கண்டறிந்த 2020 ஆம் ஆண்டு ஆய்வால் பின்னர் அறியப்பட்டவர்.) வட்ட முனைவாக்கம் ஏன் முக்கியமாகிறதென்றால், தாரை எதனால் ஆனது என்ற கேள்வியை அது தொடுகிறது. இலத்திரன்களோடு சம அளவில் பொசித்திரன்கள் (நேரேற்றம் கொண்ட எதிர் இலத்திரன்கள்) இருந்தால், ஒன்று செய்யும் திருப்பத்தை மற்றது அழித்துவிடும்; இலத்திரன்களும் புரோத்தன்களும் என்றால் அப்படி அழியாது. எனினும், வட்ட முனைவாக்கத்தை மட்டும் வைத்துத் தாரையின் உள்ளடக்கத்தைத் தீர்ப்பது மிகைத் துணிவு என்றே நான் கருதுகிறேன். தள முனைவாக்கம் வழியிலேயே வட்ட முனைவாக்கமாக உருமாறவும் இயலும். அந்த உருமாற்றம் குறைந்த சக்தியுள்ள இலத்திரன்களின் தொகையைப் பொறுத்தது, அத்தொகையை நாம் நேரே காண்பதில்லை. எஸ்.எஸ். 433 இல் அணுக்கருக்கள் பயணிக்கின்றன என்று நாம் உறுதியாகச் சொல்வது, அதன் எக்ஸ் கதிர் நிறமாலையில் இரும்பின் கோடுகள் தாரையோடு நகர்வதைக் கண்டதால்தான்.

எக்ஸ் கதிர் வீசும் எல்லா இரட்டைத் தொகுதிகளிலும் கருந்துளை இருப்பதாகவும் எண்ண வேண்டாம். ரிஷபத்தில், வான மையக்கோட்டுக்கு மிக அருகில், எச்.ஆர். 1099 என்றொரு தொகுதி உண்டு. நல்ல இருளில், படுவான்கரைப் பக்கம் விளக்குகள் குறைந்த இடத்திலிருந்து, கூரிய கண்ணுக்கு மங்கலாகத் தெரியக்கூடியது. அதன் தூரம் 100 ஒளியாண்டுக்கும் சற்றுக் குறைவு. இரு சாதாரண விண்மீன்கள் 2.84 நாட்களுக்கு ஒருமுறை சுற்றிவர, அதே வேகத்தில் தம்மைத் தாமே சுழலவும் நேர்வதால், அவற்றில் பெரியதன் காந்தச் செயற்பாடு சூரியனுடையதை மிஞ்சி நிற்கிறது. அதன் மேல்மண்டலம் எக்ஸ் கதிர்களை வீசுகிறது. 1978 பெப்ரவரியில் அங்கே பெரும் வானொலி எழுச்சியொன்று பதிவானது. இத்தகைய விண்மீன்களில் இலத்திரன்களின் சக்தி குறைவு, புலம் வலிது. ஆகவே தள முனைவாக்கம் அநேகமாக இல்லாமல் போக, வட்ட முனைவாக்கம் பெரிதாக வரும். சில குறுகிய வெடிப்புகளில் அது ஏறக்குறைய 100 சதவீதத்தைத் தொடுகிறது. பெருந்தொகையான இலத்திரன்கள் ஒத்திசைந்து உமிழும் மேசர் பொறிமுறையே அதற்குக் காரணமாகக் கொள்ளப்படுகிறது. ஆகவே புதிதாக ஓர் எக்ஸ் கதிர் மூலம் வானொலியில் எழும்போது, முனைவாக்கம் எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்ப்பது நல்ல முதற்படி. தளமாக, சில சதவீதமாக இருந்தால் தாரையை நினைக்கலாம். வட்டமாக, பெரிதாக இருந்தால் காந்தச் செயற்பாடு மிக்க விண்மீனை நினைக்கலாம்.

எக்ஸ் கதிர்களின் முனைவாக்கத்தையே அளக்கும் வசதியும் இப்போது வந்துவிட்டது. 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஐ.எக்ஸ்.பி.ஈ. செய்மதி, மேலே சொன்ன சிக்னஸ் எக்ஸ்-3 இன் எக்ஸ் கதிர்கள் 20 சதவீதத்துக்கும் மேலாக முனைவாக்கம் பெற்றிருப்பதையும், அதன் திசை வானொலித் தாரைக்குச் செங்குத்தாக இருப்பதையும் காட்டியது. மூலம் ஓர் ஆழமான புனல்போன்ற அமைப்புக்குள் மறைந்திருக்க, அதன் சுவர்களில் பட்டுச் சிதறிய கதிர்களையே நாம் காண்கிறோம் என்பது அதற்குத் தரப்பட்ட விளக்கம். இங்கே முனைவாக்கம் காந்தப்புலத்தால் அல்ல, சிதறலால் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது கேள்வி: எப்படி அளக்கிறார்கள்? மூலம் புள்ளியாகத் தெரிவது ஒரு தடையே அல்ல. அலையின் மின்புலம் எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பது அதன் ஒவ்வொரு துளியிலும் இருக்கும் தகவல். தொலைகாட்டியின் குவியத்தில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு வாங்கிகளை வைத்து, இரண்டின் வெளியீடுகளையும் தனித்தனியாகவும், ஒன்றோடொன்று பெருக்கியும் பதிவுசெய்கிறார்கள். அதிலிருந்து ஜோர்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1852 இல் வகுத்த நான்கு கணியங்கள் கிடைக்கும்: மொத்தச் செறிவு, நிலைக்குத்து அதிர்வுக்கும் கிடை அதிர்வுக்கும் உள்ள வேறுபாடு, இரு 45 பாகைச் சாய்வுகளுக்கும் உள்ள வேறுபாடு, வலஞ்சுழிக்கும் இடஞ்சுழிக்கும் உள்ள வேறுபாடு. கடினம் கருவியின் கசிவில் இருக்கிறது. ஒரு வாங்கிக்குரிய அலையில் ஒரு சதவீதம் மற்றதற்குள் கசிந்தால், முனைவாக்கமே இல்லாத மூலமும் ஒரு சதவீத முனைவாக்கம் கொண்டதுபோலத் தோன்றும். 22 மீற்றர் விட்டமுள்ள ஆறு கிண்ணங்களைக் கொண்ட அவுஸ்திரேலியாத் தொலைகாட்டி அணியில், அநேகமாக முனைவாக்கம் அற்றது என்று அறியப்பட்ட 1934-638 என்ற மூலத்தைப் பார்த்து இந்தக் கசிவை அளந்து கழிக்கிறார்கள். வானில் மூலம் நகர நகர, கிண்ணத்தைப் பொறுத்து அதன் முனைவாக்கத் திசை மெல்லத் திரும்பும், ஆனால் கசிவு திரும்பாது. இதுவும் இரண்டையும் பிரிக்க உதவுகிறது. நேர்கோட்டு வாங்கிகளைக் கொண்ட அந்த அணியில் வட்ட முனைவாக்கம் இரு பெரிய எண்களின் வித்தியாசமாக வராமல், இரு வாங்கிகளின் பெருக்கத்திலிருந்தே கிடைப்பதால், சிறிய வட்ட முனைவாக்கத்தைத் தேடுவோருக்கு அது விருப்பமான கருவி.

கடைசிக் கேள்விக்கு நேரடியான கணக்கே விடை தரும். உங்கள் வீட்டு டிஷ் அன்டெனா ஏற்கனவே ஒரு முனைவாக்கமானிதான். அதன் முன்னால் உள்ள எல்.என்.பி. என்ற வாங்கியில் நிலைக்குத்தாகவும் கிடையாகவும் இரண்டு ஊசிகள் உள்ளன. தொலைக்காட்சியோடு இணைத்த பெட்டி 13 வோல்ற்று அனுப்பினால் ஒன்றும், 18 வோல்ற்று அனுப்பினால் மற்றதும் இயங்கும். அலைவரிசை பிடிக்கும்போது பொருத்துநர் எல்.என்.பி. யைச் சற்றே திருப்பித் திருப்பிப் பார்ப்பது முனைவாக்கத் தளத்தைச் சரிப்படுத்தவே. ஆனால் ஒரு மீற்றர் விட்டமுள்ள கிண்ணத்துக்கு 5 ஜான்ஸ்கி மூலமொன்றிலிருந்து, ஒரு கிகாஹேட்ஸ் அகலத்தில், ஓர் ஊசிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 2 × 10⁻¹⁷ வாற்று. எல்.என்.பி. தானே எழுப்பும் இரைச்சல், வெப்பநிலை 100 கெல்வின் எனக் கொண்டால், 1.4 × 10⁻¹² வாற்று. அதாவது சைகை இரைச்சலின் 70,000 இல் ஒரு பங்கு. அதில் முனைவாக்கம் பெற்றது இன்னும் சில சதவீதம். நீண்ட நேரம் சராசரி எடுத்தால் கொள்கையளவில் இரைச்சலை வெல்லலாம், ஆனால் வீட்டுக் கருவியின் பெருக்கம் வெயிலுக்கும் காற்றுக்கும் அதைவிடப் பன்மடங்கு அலையும். ஆகவே இயலாது. சூரியனைப் பிடிக்கலாம்: அந்த மீடிறனில் அது பத்து லட்சம் ஜான்ஸ்கியைத் தாண்டுகிறது, செய்மதிமானி ஒன்றை இணைத்துக் கிண்ணத்தைத் திருப்பினால் முள் ஏறுவதைக் கண்ணால் காணலாம்.

முனைவாக்க அளவீட்டை உண்மையான தரவில் செய்துபார்க்க விரும்பினால் கிண்ணம் தேவையில்லை. அவுஸ்திரேலியாத் தொலைகாட்டி அணியின் பழைய அவதானிப்புகள் பொதுக் காப்பகத்தில் எவரும் எடுத்துக்கொள்ளும்படி வைக்கப்பட்டுள்ளன. அவற்றைத் திருத்திப் படமாக்கும் மிரியாட் என்ற மென்பொருளும் இலவசம், சாதாரண மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவினால் இயங்கும். 1934-638 இல் தொடங்குங்கள். கசிவைத் திருத்துவதற்கு முன்னும் பின்னும் அதன் முனைவாக்கச் சதவீதத்தைக் கணித்து, இரண்டையும் எனக்கு அனுப்புங்கள். அதன்பின் எக்ஸ் கதிர் இரட்டை ஒன்றின் தரவை எடுத்து, மூன்று அல்லது நான்கு அலைநீளங்களில் கோணத்தை அளந்து, பரடே நேர்கோட்டைச் சேர்ந்தே வரையலாம்.